உடைக்காத பன்னிரண்டு துண்டுகள்

நிரப்பி என்ற கணினி வந்த பிறகு இந்த நாட்டில் யாரும் இரும்பை உடைத்துப் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. பீரங்கிக் குழாயோ, கவச வண்டியின் தகடோ, பாலத்து ஆணியோ, எது எந்தக் குளிரில் எவ்வளவு அடி தாங்கும் என்று கேட்டால் நிரப்பி இரண்டே நொடியில் எண்ணைச் சொல்லிவிடும். பழைய காலத்துச் சோதனைக் குறிப்புகளை எல்லாம் அதற்கு ஊட்டியிருந்தார்கள். சோதித்த கட்டங்களை வைத்துக்கொண்டு சோதிக்காத கட்டங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதால்தான் அந்தப் பெயர். பத்தொன்பது ஆண்டுகளில் அது சொன்ன எண் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். பொய்த்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் இரும்பை உடைக்க வேண்டும். உடைக்கிற பொறிகளைத்தான் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டதே.

கோயம்புத்தூருக்கு வெளியே, பல்லடம் சாலையில் இருந்தது அந்தத் தகவல் மையம். ஆயுதத் தொழிற்சாலைகளிலிருந்தும் எல்லை முகாம்களிலிருந்தும் வரும் கேள்விகளுக்கு விடை அனுப்புவது அதன் வேலை. கோகிலவாணி அங்கே விடையளிப்பு அலுவலர். ஐம்பத்து மூன்று வயது. நிரப்பி விடை சொல்லும், அவள் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புவாள். இதற்கு ஒரு மனுஷி எதற்கு என்று அவளுக்கே அடிக்கடி தோன்றும். நாளைக்கு ஏதாவது ஆனால் பிடித்து உலுக்க ஒரு ஆள் வேண்டும், அதற்காக வைத்திருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு கேள்வி குரலாகவே வந்தது. பெரும்பாலும் எழுத்தில்தான் வரும். எங்கோ பனிமலை உச்சியிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசினார் அந்த மனிதர். அவர் குரலைவிடக் காற்றின் சத்தம் அதிகமாகக் கேட்டது.

“மேடம், கேக்குதுங்களா? சுபேதார் இருளப்பன் பேசுறேன், பொறியாளர் படை. ஒரு ஆணி ஒடஞ்சு போச்சு மேடம்.”

“எந்த ஆணிங்க?”

“கையோட கொண்டுபோயி மாட்டுற பாலம் இருக்குல்ல, அதுல மூட்டுக்கு மூட்டு ஒரு ஆணி வரும். ந-பதினேழுன்னு பொறிச்சிருக்கு. நேத்து மாட்டிக்கிட்டு இருக்கறப்ப லேசா ஒரு தட்டுத் தட்டுனோம். அடிக்கக்கூட இல்ல மேடம், தட்டுனதுதேன். ரெண்டாப் போச்சு.”

“ஒடஞ்ச முகம் எப்படி இருக்குது? நாரு நாராக் கிழிஞ்சிருக்குதா?”

“இல்லிங்க. மினுமினுன்னு இருக்கு. கல்கண்டு ஒடச்ச மாதிரி.”

நல்ல எஃகு உடைந்தால் அப்படி மின்னாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எழுதி அனுப்புகிற வேலையில் அவள் இல்லை. கேள்வியை நிரப்பியிடம் போட்டாள். ந-17 எஃகு, மைனஸ் ஐம்பது டிகிரி: தாங்கும் அடி 41 ஜூல். தேவையான அளவு 27. நம்பகம் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது. உடைந்ததற்குக் காரணம், பொருத்தியவர்களின் கவனக்குறைவு.

“ஆணி நல்லா இருக்குதுன்னு சொல்லுதுங்க,” என்றாள். “மாட்டினதுலதான் தப்புங்குது.”

இருளப்பன் காற்றுக்கு மேல் குரலை உயர்த்தினார்.

“கர்னல் சாரும் அதத்தேன் சொல்றாரு. நாங்க அறுபது பேரு பள்ளத்துக்கு இந்தப் பக்கத்துக் காவல் முகாம்ல மாட்டிக்கிட்டோம் மேடம். பதினாலு பேருக்கு முடியல. சில பேருக்கு நெஞ்சுல தண்ணி கட்டிருச்சு, சில பேருக்குக் காலு கருத்துப்போச்சு. கீழ எறக்குனாத்தேன் பொழைப்பாங்க. காத்து அடிக்கிற அடிக்கு மேல எதுவும் பறக்க முடியாது. பாலத்தப் போட்டு வெள்ளிக்கெழம காலையில கடக்கச் சொல்லி உத்தரவு. தப்பா மாட்டுனவன் நான்னு முடிவாயிருச்சு, அதனால மொதல்ல நான் நடந்து காட்டணுமாம். பின்னாலயே முடியாதவங்களத் தூக்கிட்டு வருவாங்க.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இருபத்தி ரெண்டு வருசமா ஆணி மாட்டுறேன் மேடம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அவள் பார்த்தாள். நிரப்பி தரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ‘வேர்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தச் சோதனைகளிலிருந்து அந்த எண்ணைப் பிடித்தது என்று அதில் வரும். அதை யாரும் திறப்பதில்லை, திறந்து பார்க்க யாருக்கு நேரம்? ந-17க்கு மைனஸ் ஐம்பதில் பதினோராயிரத்துச் சொச்சம் பதிவுகள் இருந்தன. அத்தனையும் நிரப்பி தானே கணித்துத் தானே எழுதிக்கொண்டவை. ஒன்றைப் பிடித்து இன்னொன்று, அதைப் பிடித்து வேறொன்று. அடியில் போய்ப் பார்த்தால் மனிதர் செய்த சோதனை பன்னிரண்டே பன்னிரண்டு. ஒரே கூடம், ஒரே நாள். சோதித்தவர் பெயருக்கு முன்னெழுத்து மட்டும்: கோ.வா.

தேதியை இரண்டு தடவை படித்தாள். கோ.வா. அவளேதான். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று போட்டிருந்த பதிவு அது.

அப்போது அவள் ஒரு சோதனைக்கூடத்தில் இளநிலை உதவியாளர். இப்போது அந்தக் கூடம் இருந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. ஆயுத பூஜை அன்று அங்கே எந்தப் பொறியும் ஓடாது. துண்டை ஒரே அடியில் உடைத்து அது தாங்கிய அடியை அளக்கும் ஊசல் சுத்தியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு கால்களிலும் வாழைக்கன்றைக் கட்டிவிடுவார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கன்றை அவிழ்க்கும்வரை அதை யாரும் தொடக் கூடாது, மேலதிகாரியே வந்து கேட்டாலும் கூடாது. ஆனால் அன்றைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அன்றைக்கே போயாக வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எண்ணை முதலில் எழுதிவிடுவது, துண்டுகளைப் பூஜை முடிந்து உடைத்துச் சரிபார்த்துக்கொள்வது. ஆண்டுதோறும் நடப்பதுதான். ஒரு தடவைகூடப் பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

“மைனஸ் இருவதுல என்ன வந்துச்சோ அதுல பத்துப் பத்தாக் கொறச்சுப் போட்டுரு அம்மிணி,” என்றார் மூத்த சோதனையாளர் சென்னியப்பன், பொரியை வாயில் போட்டுக்கொண்டே. “கன்னு அவுத்ததும் மொத வேலையா ஒடச்சுப் பாத்துக்கலாம்.”

அவள் போட்டாள். நாற்பத்து ஒன்று, நாற்பத்து மூன்று, முப்பத்து ஒன்பது என்று பார்க்க இயல்பாக இருக்கும்படி போட்டாள். மறுநாள் பூஜையைக் கலைத்த பெருக்குகிறவர்கள் வாடிய பூவோடும் பொரியோடும் அந்தப் பன்னிரண்டு துண்டுகள் இருந்த பொட்டலத்தையும் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். சமவெளியில் ஓடும் வண்டிக்கான எஃகு அது. பனியில் யார் கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதன் பிறகு மைனஸ் ஐம்பதில் ந-17 எப்படி இருக்கும் என்று யாரும் உடைத்துப் பார்க்கவில்லை. நிரப்பி வந்தது, அந்தப் பன்னிரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. அதை நம்பி யாரோ ஒரு மேதாவி பனிப்பாலத்துக்கு அந்த எஃகைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

மதியம் இயக்குநர் பர்வீனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பர்வீன் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வாணிக்கா, எத்தன தடவ இப்படிப் பண்ணியிருக்கீங்க?”

“அந்த ஒரு தடவைதானுங்க மேடம்.”

“நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? வாக்குமூலத்தப் போடறதுக்கு நிரப்பியில கட்டம் கெடையாது. விசாரணைக் குழு போடணும், அது மூணு மாசம்.”

“வெள்ளிக்கெழம கடக்கறாங்க மேடம். இன்னைக்குச் செவ்வாய்.”

“எண் இருந்தா மாத்தும். ஒடச்சுப் பாத்த எண். வேற எதுக்கும் அது மசியாது. அப்படித்தான் சட்டத்த எழுதி வெச்சிருக்காங்க.” பர்வீன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஒடைக்கறதுக்கு இந்த நாட்டுல ஒரு மிசின் இருக்குதாங்க்கா?”

ஒன்று இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். பொறிகளை எல்லாம் இரும்புக்குப் போடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியவளே அவள்தான். மூடிப்போன ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து மட்டும் ‘ஆறு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை’ என்று பதில் வந்திருந்தது. மையத்தின் மாதிரி அறையில் எல்லா எஃகிலும் ஒவ்வொரு தடி கிடந்தது. ந-17 தடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். முப்பது ஆண்டு வேலையில் அவள் திருடிய முதல் பொருள் அது. கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் கொடுத்து, விரல் நீளச் சதுரத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெட்டுப் போட்டு வாங்கினாள். தடி சின்னது, ஆறு துண்டுதான் தேறியது.

புதன்கிழமை காலை அந்தக் கல்லூரிக்குப் போனாள். கல்லூரி இப்போது கல்யாண மண்டபம். அன்று காதுகுத்து. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மண்டபத்து மேலாளர் மயில்சாமி ஒரு காலத்தில் அங்கே ஆய்வக உதவியாளராக இருந்தவர். கொண்டுபோய்ப் பண்டக அறையைத் திறந்து காட்டினார். வாழையிலைக் கட்டுகளுக்கும் அண்டாக்களுக்கும் நடுவே ஊசல் சுத்தி நின்றது. அதன் தடியில் யாரோ சமையல்காரர் துண்டைக் காயப்போட்டிருந்தார்.

“ஓடுமுங்களா?” என்று கேட்டாள்.

“தூக்கி விட்டா உழுகப்போவுது. இதுல ஓடறதுக்கு என்ன இருக்குதுங்க,” என்றார் மயில்சாமி. “வருசத்துக்கு ஒருக்கா எண்ணெ போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். என்னமோ மனசு கேக்கறதில்ல. இத எதுக்குங்க இப்பக் கேக்கறீங்க?”

“கொஞ்சப் பேரு உசுருங்க.”

மயில்சாமி அதற்கு மேல் கேட்கவில்லை. பந்திக்கு ஐஸ்கிரீம் வந்த பெட்டியில் உலர்பனிக்கட்டி இருந்தது. அதை உடைத்து, எரிசாராயத்தில் போட்டு, வெப்பமானியில் மைனஸ் ஐம்பது காட்டும்வரை கூட்டிக் குறைத்தார்கள். துண்டுகளை அதில் பத்து நிமிடம் ஊறவிட்டாள். வெளியே எடுத்த ஐந்தாவது நொடிக்குள் அடி விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குளிர் போய்விடும். அவள் இடுக்கியால் எடுத்து வைப்பாள், மயில்சாமி சுத்தியை விடுவார்.  

முதல் துண்டு அப்பளம் மாதிரி போனது. தாங்கிய அடியைக் காட்டும் முள் நான்கில் நின்றது. இரண்டாவது மூன்று. அடுத்தது ஐந்து. ஆறு துண்டுகளில் ஒன்றுகூட ஆறைத் தாண்டவில்லை. நாற்பத்து ஒன்று என்று அவள் எழுதியிருந்தாள். உடைந்த பாதிகளைப் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தாள், எல்லாமே மின்னின. உடைத்துப் பார்த்த எண் கையில் கிடைத்துவிட்டது என்று ஒரு பக்கம் நிம்மதி. இத்தனை வருடம் எத்தனை பேரை இந்த ஆணிமேல் நடக்க விட்டேனோ என்று மறுபக்கம் பயம். அங்கேயே ஒரு அண்டாவின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். மயில்சாமி ஒரு டம்ளர் பாயசத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மாலைக்குள் ஆறு எண்களையும் நிரப்பியில் ஏற்றினாள். இரண்டு நொடி. விலகல், என்றது நிரப்பி. பதினோராயிரம் பதிவுகள் ஒரு பக்கம், இந்த ஆறு மறுபக்கம். மனிதப் பிழை என்று முத்திரை குத்தி ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் மூன்று கூடங்களிலிருந்து, இருநூறு சோதனைகளுக்குக் குறையாமல் வேண்டும் என்று பணிவாகக் குறிப்பும் எழுதியது.

அவள் இருளப்பனைக் கூப்பிட்டாள்.

“ஆணி நல்லா இல்லீங்க. நானே ஒடச்சுப் பாத்தேன். தயவுசெஞ்சு போகாதீங்க.”

“எழுதிக் குடுக்க முடியுங்களா மேடம்?”

“முடியாதுங்க. நிரப்பி ஏத்துக்க மாட்டேங்குது.”

காற்று இரைந்தது. “நீங்க சொன்னீங்கன்னு நான் நின்னா, பயந்துட்டு நிக்கிறான்னுதேன் சொல்வாங்க. என்னைய ஓரமாத் தள்ளிட்டு வேறொருத்தன நடக்க விடுவாங்க. அதுக்கு நானே நடந்துட்டுப் போறேன் மேடம். காயிதம் வந்தாத்தேன் எல்லாரும் நிப்போம்.”

வியாழக்கிழமை மதியம், அலுவலகம் சாப்பிடப் போயிருந்தபோது கோகிலவாணி தன் இருக்கையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். மூடிப்போன கூடங்களின் கணக்குகளை யாரும் அழிக்கவில்லை. அவற்றின் கடவுச்சொற்கள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. எங்காவது அலமாரியில் பழைய நோட்டுக் கிடைத்தால் ஏற்றுவதற்கென்று ‘தாமதமாகக் கிடைத்த பதிவு’ என்று ஒரு படிவமும் இருந்தது. இல்லாத மூன்று கூடங்களின் பெயரில், இல்லாத நோட்டுகளிலிருந்து, நடக்காத இருநூற்றுப் பதினாறு சோதனைகளை அவள் ஏற்ற ஆரம்பித்தாள். மூன்று, ஐந்து, நான்கு, நான்கு. நடுநடுவே ஒரு ஏழு. ஒரு துண்டு நழுவிவிட்டது என்று ஒரு குறிப்பு. ஒரே சீராக இருந்தால் சந்தேகம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பொய்யால் உள்ளே வந்ததை வெளியே தள்ள இருநூறு பொய் தேவைப்பட்டது. உண்மையான அந்த ஆறு எண்களும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்று மணிக்குக் கட்டம் சிவந்தது. ந-17, மைனஸ் ஐம்பது: 5 ஜூல். பயன்படுத்தாதீர். இரண்டு நொடியில் எல்லா முகாம்களுக்கும் அது போய்விட்டது.

நாலரை மணிக்கு இருளப்பன் கூப்பிட்டார். “மேடம், பாலம் வேணாம்னு உத்தரவு வந்துருச்சு. கர்னல் சார் ரேடியோவுல எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு, அம்புட்டுப் பேருக்கு முன்னால. சனிக்கெழம காத்து அடங்குமாம், ஹெலிகாப்டர் வருது. ஒங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல மேடம்.”  பத்திரமாக இருங்கள் என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடுவரை தூங்கிக்கொண்டே போனாள். அப்படி அவள் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பர்வீன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“ராத்திரி நிரப்பி தானா ஒரு சோதிப்பு நடத்தியிருக்குது வாணிக்கா. மனுசங்க இட்டுக்கட்டி எழுதற எண்ணுக்குன்னு ஒரு கை இருக்குதாம். சில எண்ண விரும்பிப் போடுவாங்களாம், சில எண்ணத் தொடமாட்டாங்களாம். ஆளுக்கு ஆள் மாறுமாம். இந்த இருநூத்துப் பதினாறும் ஒரே கைன்னு கண்டுபிடிச்சிருச்சு. அந்தப் பன்னெண்டும் அதே கைதான்னு சேத்துச் சொல்லுது.”

“ஆமாங்க,” என்றாள் கோகிலவாணி. எப்படியும் வரும் என்று எதிர்பார்த்ததுதான். “ஆணிக் கட்டம் இப்ப என்ன காட்டுதுங்க?”

“வெத்துக் கட்டம். தெரியாதுங்குது. பத்தொன்பது வருசத்துல மொதத் தடவையா அது தெரியாதுங்குது. வெத்துக் கட்டம்னா யாரும் தொடக் கூடாது, பாலம் நின்னது நின்னதுதான். அதப் பத்திக் கவலப்படாதீங்க.” பர்வீன் திரையை அவள் பக்கம் திருப்பினார். “ஆனா அதோட விடல. கோ.வா.ன்னு எங்கெல்லாம் இருக்குதோ அங்கெல்லாம் அழிச்சிருச்சு. முப்பத்தி ஓராயிரம் கட்டம். நீங்க நெசமா ஒடச்சுப் பாத்ததும் அதுலதான் இருக்குது. புதன்கெழம ஒடச்ச ஆறும் போச்சு.”

திரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள். அவளுடைய இருபதுகளும் முப்பதுகளும் அதில் இருந்தன. கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில் நின்ற வெயில் காலங்களும், கையில் பட்ட சூட்டுத் தழும்பும் அதில் இருந்தன.

“போலீசுக்குச் சொல்லியாச்சு. மதியத்துக்குள்ள வந்துருவாங்க. என்னால அவ்வளவுதான் தள்ளிப்போட முடிஞ்சுதுக்கா.”

மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. பர்வீன் எடுத்துக் கேட்டுவிட்டு, அவள் பக்கம் நகர்த்தி ஒலிபெருக்கியைப் போட்டார்.

“மேடம், இருளப்பன். காத்து நின்னுருச்சு மேடம்.” முதல் முறையாக அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “ஹெலிகாப்டர் அடிவாரத்துல தயாரா நிக்கிது. ஆனா கெளம்ப மாட்டேங்குது. எங்க பக்கம் எறங்க எடமில்ல, கயித்தக் கட்டித்தேன் ஆளத் தூக்கணும். அந்தக் கயித்துக் கொக்கிக்கு இன்னிக்குக் காலையில வெத்துக் கட்டம்னு வந்துருச்சாம். நேத்துவரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சாம்.”

கோகிலவாணி தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்தாள். “என்ன எஃகுங்க?”

“கொ-நாப்பத்தி ரெண்டு. பைலட் சாரும் லைன்ல இருக்காரு மேடம். சோதிச்சவங்க முன்னெழுத்தப் பாத்துட்டு, அது நீங்கதேன்னு யாரோ சொல்லிருக்காங்க. சட்டப்படி தொடக் கூடாதாம். ஆனா சோதிச்ச ஆளே, ‘நான் ஒடச்சுப் பாத்தேன், நல்லாருக்கு’ன்னு ஒரு வார்த்த சொன்னா, தன் பொறுப்புல எடுக்கறேங்கறாரு. இன்னும் மூணு மணி நேரந்தேன் காத்து இப்படி இருக்குமாம்.” குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தன் நேத்துப் போயிட்டான் மேடம். பதிமூணு பேரு இருக்காங்க.”

கொ-42 அவளுக்கு நினைவிருந்தது. நுனியில் நீலச் சாயம் பூசி வரும். கையில் எடுத்த நினைவு இருந்தது. வெட்டை அளந்த நினைவு இருந்தது. சுத்தி இறங்கும் சத்தமும் முள் ஏறி நிற்பதும் கண்ணுக்குள் வந்தன. ஆனால் அந்தச் சத்தம் எந்த நாளின் சத்தம்? அந்த முள் எந்த எஃகின் முள்? ஆயிரம் நாள் கேட்ட சத்தம் அது.

அந்த ஒரு தடவைதான் என்று பர்வீனிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னாள். இப்போது மற்ற நாள்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. குளிரூட்டும் வாயு வராத ஒரு வாரம். தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருந்த நாள். மின்சாரம் போன மதியங்கள். போட்டுரு அம்மிணி, நாளைக்குப் பாத்துக்கலாம். பெரும்பாலும் மறுநாள் உடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும்.

பத்துக்கு ஒன்பது, உடைத்துப் பார்த்ததாகத்தான் இருக்கும். கொக்கி நல்லதாகத்தான் இருக்கும். ஆமாம் என்றால் பதிமூன்று பேர் மதியத்துக்குள் மருத்துவமனையில் இருப்பார்கள். அந்தப் பத்தாவது நாளாக இருந்தால், கயிற்றில் தொங்குகிற ஆள் பாதி தூரத்தில் கொக்கி உடைந்து விழுவான். வாய் திறந்தாள். ஆமாம் என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. அன்றைக்கு நாற்பத்து ஒன்றும் இப்படித்தான் சுலபமாக வந்தது. அது சுலபமாக வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

“தெரியலீங்க,” என்றாள்.

“மேடம்?”

“நெசமாவே தெரியலீங்க இருளப்பன். ஒடச்சனா, சும்மா எழுதுனனான்னு எனக்கு ஞாபகம் இல்லீங்க. என்னய நம்பி எடுக்க வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லீருங்க.”

பர்வீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  தொலைபேசியில் பைலட்டின் இணைப்பு அறுந்த சின்னச் சத்தம் வந்தது.

“சரிங்க மேடம்,” என்றார் இருளப்பன். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் கொஞ்சமாவது தாங்கியிருக்க முடியும். “அப்பத் தூக்கிக்கிட்டு நடந்துர்றோம். மலையச் சுத்தி வழி இருக்கு.”

“எத்தன நாளுங்க?”

“ஆறு நாளு. முடிஞ்ச வரைக்கும் கொண்டாந்துருவோம்.”

அவர் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். யாரிடமோ டோலி கட்டச் சொல்வது கேட்டது. ஒரு ஆளுக்கு இரண்டு தோள், மாற்றிக்கொள்ள ஒன்று என்று கணக்குச் சொன்னார். பிறகு முடியாதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். முனீஸ்வரன். செல்வின். பாலகுரு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முனகலோ, ஒரு ‘சார்’ என்ற சத்தமோ வந்தது. அவள் குனிந்து, தொலைபேசிக்கு வெகு அருகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது பெயர் அருளானந்து. அதற்குச் சத்தம் வரவில்லை. இருளப்பன் இன்னொரு தடவை கூப்பிட்டார்.